கல்வி உளவியல்: தொகையில் மறைந்த உருபு

கல்வி உளவியல் என்னும் தொடரில் இரண்டு பெயர்ச்சொற்கள் உருபின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. இடையே மறைந்திருப்பது எந்த வேற்றுமை உருபு என்பதைத் தொடர் தானாகச் சொல்வதில்லை. அதை விரிக்கும்போது கல்விக்கு உளவியல் என்று நான்காம் வேற்றுமையாகவும் கொள்ளலாம், கல்வியின் உளவியல் என்று ஆறாம் வேற்றுமையாகவும் கொள்ளலாம். முதல் விரிவின்படி, உளவியல் வேறோர் இடத்தில், பெரும்பாலும் ஆய்வுகூடத்தில், தன் விதிகளைக் கண்டு முடித்துக்கொண்டு வகுப்பறைக்கு வருகிறது; ஆசிரியர் அவ்விதிகளை எடுத்துப் பிரயோகிக்கிறார். இரண்டாம் விரிவின்படி, ஒரு பிள்ளை கற்கும்போதும் கற்க மறுக்கும்போதும் உள்ளத்தில் நிகழ்வதே அத்துறையின் சொந்த ஆய்வுப்பொருள் ஆகிறது. வகுப்பறையே அதன் களம். இத்துறையின் பொருளும் இயல்பும் பற்றி நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வாதம் முழுவதும் இந்த ஓர் உருபுக்குள் அடங்கிவிடுகிறது.

அவ்வாதத்தின் தொடக்கத்தையும் காலவரையறையோடு சொல்ல முடியும். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரைகள் 1899இல் நூலாயின. உளவியல் ஓர் அறிவியல், கற்பித்தல் ஒரு கலை, முன்னதிலிருந்து பின்னது நேரே பிறந்துவிடாது என்று அவர் ஆசிரியர்களை எச்சரித்தார். நான்கே ஆண்டுகளில், 1903இல், எட்வேர்ட் தோண்டைக் கல்வி உளவியல் என்பதையே தலைப்பாகக் கொண்ட நூலை வெளியிட்டு, கற்றலை அளந்தறியும் தனித்துறையாக அதை நிறுவினார். இன்றைய பாடநூல்கள் கற்பவர், கற்றல் நிகழும் முறை, கற்றல் நிகழும் சூழல் ஆகிய மூன்றையும் அதன் எல்லைக்குள் வைப்பதற்கு அடிகோலியவர் அவரே எனலாம். எனினும் ஜேம்ஸின் எச்சரிக்கைக்கு இன்றுவரை யாரும் முழுமையான மறுமொழி சொன்னதாகத் தெரியவில்லை.

தமிழில் இத்தொடர் எளிதில் அமைந்துவிடவில்லை. உளவியல் என்ற சொல் நிலைபெறுவதற்கு முன் மனோதத்துவம், மனோதத்துவ சாஸ்திரம், மனநூல், உளநூல் எனப் பல பெயர்கள் வழங்கின. இவற்றுள் மனோதத்துவம் என்பதற்கு இருந்த செல்வாக்கு தனியானது. தத்துவம் என்ற சொல் சைவ சித்தாந்தத்தில் முப்பத்தாறு தத்துவங்களைக் குறிக்கும் திட்டமான கலைச்சொல். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் நான்கும் அவற்றுள் ஆன்ம தத்துவங்களோடு எண்ணப்படுபவை. 1902இல் நிறுவப்பட்ட கொழும்பு விவேகானந்த சபையின் சமய வகுப்புகளிலும் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைக் கோயில்களின் பிரசங்க மேடைகளிலும் பழகிய ஒரு செவிக்கு மனோதத்துவம் என்பது புதிய அறிவியலின் பெயராக அன்றி, முன்பே அறிந்த ஒன்றின் தொடர்ச்சியாகவே ஒலித்திருக்கும். அச்சொல்லின் வலிமையும் குறையும் அதுவே. தத்துவம் என்பது முடிந்த முடிபு. சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கூற்றுக்கு அப்பெயர் பொருந்தாது.

நூல் என்ற ஈறு இக்குறையை ஒருவாறு நீக்கியது. அறிவுத்துறை ஒவ்வொன்றையும் நூல் எனக் குறிப்பது பழைய மரபு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் துறைப்பெயர்களை ஆக்கியோரும் அதைக் கையாண்டனர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1943இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியுமா என்ற ஐயம் பரவலாக இருந்த காலத்தில், முடியும் என்பதைச் சொற்பட்டியல்களால் காட்டிய தலைமுறை அது. நூல் என்ற ஈறு பின்னர் பின்வாங்கி இயல் என்ற ஈறு வென்றதற்குக் காரணம் தேடுவது கடினமன்று: நூல் கையிலெடுக்கும் புத்தகத்தையும் குறிப்பதால் உளநூல் ஒன்று, உளநூல்கள் இரண்டு என்ற மயக்கம் தவிர்க்க முடியாததாயிற்று. இயல் என்பதோ தொல்காப்பியத்திலேயே அதிகாரத்தின் உட்பிரிவுக்குப் பெயர். அதோடு இயல்பு, தன்மை என்ற பொருளையும் உடையது. உள்ளத்தின் இயல்பு பற்றிய இயல் என்று இரு பொருளும் ஒருங்கே தோன்ற உளவியல் அமைந்தது.

முன்னொட்டும் மாறியது. மனம் வடமொழிவழி வந்தது. உளம், உள்ளம் என்பன உள் என்ற அடியிற் பிறந்தவை. அவ்வடியிலிருந்து உள்ளுதல் என்ற வினையும் உண்டு. அதன் பொருள் நினைத்தல். ஆகவே உளம் என்பது ஓர் இடத்தை மட்டுமன்றி ஒரு செயலையும் நினைவூட்டும் சொல். சிங்களம் இவ்விடத்தில் வேறு வழியில் சென்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் உள்ள கல்வி உளவியல் துறைக்குச் சிங்களத்தில் அத்யாபன மனோவித்யா என்ற பெயரே வழங்குகிறது. ஒரே வளாகத்தில் ஒரு மொழி கழற்றிவைத்த மனோ என்ற முன்னொட்டை மற்றைய மொழி இன்றும் அணிந்திருக்கிறது. இதனால் எந்த மொழியின் உளவியலும் மேம்பட்டதாகவோ தாழ்ந்ததாகவோ ஆகிவிடவில்லை.

சொல் புதியதாயினும் பொருளின் ஒரு பகுதி தமிழில் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றுக்கு ஒப்பிட்டுத் தலை, இடை, கடை என வகுத்தார். இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். நெய்யரி என்பது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் வடிகருவி. தனியாள் வேறுபாடு என்று இன்றைய பாடநூல் அழைப்பதை அவர் கூர்ந்து கண்டிருக்கிறார். ஆயினும் குடத்தில் ஓட்டை ஏன் விழுந்தது, அதை அடைக்கலாமா என்ற வினாக்கள் அங்கே எழவில்லை. கடைமாணாக்கன் கடைமாணாக்கனாகவே விடப்படுகிறான். நவீனத் துறை பழைய அறிவிலிருந்து பிரியும் இடம் அதுதான். எல்லாம் நன்னூலிலேயே உண்டு என்று மேடைகளில் முழங்குவோர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதியபோது, பிள்ளையின் வளர்ச்சிக்கேற்பப் பாடம் வளரவேண்டும் என்ற உணர்வு பெயரின்றியே செயலாயிற்று.

பெயர் கட்டாயமானது சுயமொழிக் கல்வியால். 1960ஆம் ஆண்டளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கியபின், ஆங்கிலத்தில் விரிவுரை கேட்ட தலைமுறை தமிழில் விரிவுரை எழுதவேண்டியதாயிற்று. அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆசிரிய கலாசாலைகளும், 1980களில் அவற்றோடு சேர்ந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளும், மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் அவற்றைப் புழக்கத்தில் விட்டன. தமிழ்நாட்டிலும் ந. சுப்பு ரெட்டியார் போன்றோர் கல்வி உளவியலைத் தமிழில் விரிவாக எழுதினர். இரு கரைகளும் உளவியல் என்ற தலைப்பில் ஒன்றுபட்டன. உள்ளே இருந்த சொற்களில் பிரிந்தன.

அப்பிரிவில் எல்லாவிடத்தும் ஒரு கரையே சிறந்தது என்று சொல்வதற்கில்லை. சிறுபராயத்துக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட வயதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குமரப் பருவம் என்றும் வளரிளம் பருவம் என்றும் குறிக்க, இலங்கைப் பாடநூல்கள் கட்டிளமைப் பருவம் என்கின்றன. ஈழத்துப் பேச்சுவழக்கில் குமர் என்றால் மணமாகாத பெண்பிள்ளை; வீட்டில் இரண்டு குமர் இருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால் அதில் சீதனக் கவலையும் சேர்ந்தே கேட்கும். அச்சொல்லை இருபாலார்க்கும் உரிய ஒரு வளர்ச்சிக் கட்டத்துக்கு இங்கே வைத்திருந்தால் மயக்கமே மிஞ்சியிருக்கும். மறுபுறம், மணியொலியையும் உணவையும் சேர்த்துப் பழக்கினால் பின்னர் ஒலிக்கு மட்டுமே உமிழ்நீர் சுரக்கும் என்று பவ்லோவ் காட்டிய வகைக் கற்றலை இலங்கையில் நிபந்தனைப்படுத்தல் என்கின்றனர். நிபந்தனை என்றவுடன் ஒப்பந்தமும் விதிப்பும் நினைவுக்கு வருவதால், நாய்க்கு யாரோ நிபந்தனை விதித்ததாக மாணவர் எண்ணிக்கொள்கின்றனர். தமிழ்நாட்டின் ஆக்கநிலையுறுத்தல் நாவுக்குக் கடினமாயினும், இயல்பாக இல்லாத ஒரு நிலையை ஆக்கி நிறுத்துதல் என்ற கருத்தைச் சரியாகத் தருகிறது. அறிதல், நினைத்தல், விளங்கிக்கொள்ளுதல் ஆகியவற்றை ஒருங்கே சுட்டும் அறிகை என்ற சொல் ஈழத்தில் நன்கு வேரூன்றியதற்குப் பேராசிரியர் சபா. ஜெயராசாவின் எழுத்துகளும் கொழும்பிலிருந்து வெளிவந்த அகவிழி என்ற ஆசிரியர் இதழும் பெரிதும் உதவின.

நுண்மதி என்ற சொல்லின் கதை இவற்றினும் வேறுபட்டது. இலங்கையின் கல்வியியல் நூல்களில் நுண்மதி என்றும், போட்டிப் பரீட்சைகளில் பொது விவேகம் என்றும், புலமைப்பரிசில் வகுப்புகளில் நுண்ணறிவு என்றும் ஒரே பொருள் மூன்று பெயர்களோடு உலவுகிறது. பாடசாலையில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டு தனிக்கவனம் தருவதற்காக அல்பிரட் பினே, தியோடோர் சிமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர் 1905இல் ஓர் அளவுகோலை ஆக்கினர். 1912இல் வில்லியம் ஸ்ரேர்ண் உளவயதைக் காலவயதால் வகுத்தபோது நுண்மதி ஈவு பிறந்தது. பினேயின் கருவி உதவி வேண்டிய பிள்ளையைத் தேடுவதற்குரியது. கொழும்பில் அதன் வழிவந்த வினாக்கள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளாகி, பெயர்பெற்ற பாடசாலைக்குரிய பிள்ளையைத் தேடுகின்றன. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு, வசதியற்ற திறமைசாலிகளுக்காகத் தோன்றிய அப்பரீட்சை, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பத்து வயதுப் பிள்ளையின் மாலைப்பொழுதை ரியூசன் வகுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டது.

அவ்வகுப்புகளில் பயிலப்படும் வினா ஒன்றின் மாதிரியைப் பார்க்கலாம்: 2, 6, 12, 20 என்ற வரிசையில் அடுத்த எண் எது? ஒரு பிள்ளை இடைவெளிகளை 4, 6, 8 எனக் கண்டு 10ஐக் கூட்டி 30 என்று எழுதும். இன்னொரு பிள்ளை ஒன்றை இரண்டாலும் இரண்டை மூன்றாலும் மூன்றை நான்காலும் பெருக்கிய தொடர் எனக் கண்டு அதே 30ஐ எழுதும். மூன்றாவது பிள்ளை இவ்வரிசையைச் சென்ற மாதம் மனனம் செய்திருக்கும். நான்காவது பிள்ளை 28 என்று எழுதும். இடைவெளி எட்டிலேயே தொடரும் என்று எண்ணியதற்கு அதனிடம் ஒரு காரணம் இருக்கக்கூடும். திருத்துநர் மூன்று சரியும் ஒரு பிழையும் இட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். கல்வி உளவியல் தன் வேலையைத் தொடங்குவது அதன்பின்தான்: நான்கு பிள்ளைகளின் உள்ளத்திலும் நடந்த நான்கு வேறு நிகழ்ச்சிகளை அறிவதும், முதலில் கவனிக்க வேண்டிய பிள்ளை மூன்றாவதா நான்காவதா என்று முடிவுசெய்வதும் அதற்குரியவை. பரீட்சைக்கு உளவியல் என்று நான்காம் வேற்றுமையில் விரித்துக்கொண்ட நகரத்தில் அவ்வேலைக்கு நேரம் ஒதுக்கப்படுவது அரிது.

உளவியல் என்ற சொல்லைப் பெற்றோர் அஞ்சுவதற்கும் கொழும்பில் ஓர் இடப்பெயர் காரணம். அங்கொடை மனநோய் மருத்துவமனை அமைந்த ஊராதலின், இந்நகரின் பேச்சில் அங்கொடை என்பதே பைத்தியத்தின் மறுபெயராகிவிட்டது. பிள்ளையை உளவியலாளரிடம் காட்டுமாறு பாடசாலை சொல்லியனுப்பினால், வீட்டில் கேட்பது அவ்வூரின் பெயர். ஆலோசனை என்ற பொதுச்சொல்லைத் தவிர்த்து உளவளத்துணை என்றும், யாழ்ப்பாணத்தில் சீர்மியம் என்றும் புதுச்சொற்கள் ஆக்கப்பட்டமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகலாம். துணை என்ற சொல் நோயாளியையும் மருத்துவரையும் நீக்கி, கூட வருபவரை முன்னிறுத்துகிறது. இது நல்ல சொல்லாக்கம்.

செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள புத்தகசாலைகளில் சென்னைப் பதிப்புகளும் கொழும்புப் பதிப்புகளும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஆசிரிய மாணவர் இரண்டையும் வாங்கிப் படித்து, நுண்ணறிவு ஈவும் நுண்மதி ஈவும் இரு வேறு அளவுகளோ என மயங்குகின்றனர். தேசிய கல்வி நிறுவகமும் இரு கரைப் பதிப்பாளரும் கல்வி உளவியல் நூல்களின் இறுதியில் மறுகரைச் சொற்களையும் அருகருகே தரும் பட்டியல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு நான்கு பக்கங்கள் போதும்.