சோழி பரப்பிக் கணித்த கிரகணம்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்கு ஆலையில் வேலை. அவருடைய மகள் ஏழாம் வகுப்பு. "சார், பொண்ணு வானத்தைப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குறா. நல்ல டெலஸ்கோப் எவ்வளவு சார் ஆகும்?" என்றார். "இப்போதைக்கு எதுவும் வாங்காதப்பா. ஒரு வருஷம் வெறுங்கண்ணால பாக்கச் சொல்லு, அப்புறம் பேசுவோம்" என்றேன். திருப்தி இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. செலவை மிச்சம் பிடிக்கச் சொல்கிற யோசனை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அப்படிச் சொன்னதற்குப் பின்னால் நம் பக்கத்து வரலாறு ஒன்று இருக்கிறது. போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கலிலியோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பியது 1609-இல். அதற்கு முன்னால் மனிதன் வானத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட அத்தனையும் வெறுங்கண்ணால் பார்த்ததுதான். டென்மார்க்கின் டைக்கோ பிராஹே 1601-இல் இறந்துபோனார். தொலைநோக்கியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் குறித்து வைத்த செவ்வாயின் இடங்களை வைத்துத்தான் கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கெப்ளர் கண்டுபிடித்தார். பாடப்புத்தகத்தில் இது இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத கதை பாண்டிச்சேரியில் நடந்தது.

லெ ஜாந்தீ என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். 1761-இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போகப்போகிறது. அதைப் பல ஊர்களிலிருந்து அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. இவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் பாண்டிச்சேரி. 1760 மார்ச்சில் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடுகிற கப்பல் தளத்தில் நின்றுகொண்டு வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்த்தார். ஆடுகிற கப்பலில் பார்த்து என்ன பயன்? அளவு எடுக்க முடியவில்லை.

அடுத்தது 1769-இல். அதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மனுஷன் ஊருக்குத் திரும்பாமல் எட்டு வருஷம் இந்தப் பக்கமே இருந்துவிட்டார். மணிலாவுக்குப் போனார். பிறகு, பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்திருந்த பாண்டிச்சேரிக்கு 1768-இல் வந்தார். இடிந்துகிடந்த கோட்டையில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள், பகையை மறந்து, ஒரு நல்ல தொலைநோக்கியை இரவல் கொடுத்தார்கள். 1769 ஜூன் 4 விடியற்காலை, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடியது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. மணிலாவில் அன்றைக்கு வானம் தெளிவாக இருந்ததாம்! 1771-இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தால், இவர் செத்துவிட்டார் என்று முடிவு கட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரிக்கிற ஏற்பாட்டில் இருந்தார்கள்.

இந்தத் துரதிர்ஷ்டக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாண்டிச்சேரியில் காத்திருந்த மாதங்களில் லெ ஜாந்தீ சும்மா இருக்கவில்லை. உள்ளூர்த் தமிழர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டார். அவர்கள் காகிதத்தில் எழுதவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, வாயால் ஏதோ சொற்களைச் சொல்லிக்கொண்டே கணித்தார்கள். வேகத்தையும் சுலபத்தையும் பார்த்து ஆச்சரியப்பட்டுப் போனார். 1765 ஆகஸ்ட் 30-இல் வந்த சந்திர கிரகணத்தை அந்த முறையில் கணித்தபோது, கிரகணம் நீடித்த நேரம் உண்மையைவிட 41 விநாடி குறைவாக வந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் மிகச்சிறந்த அட்டவணை ஜெர்மனியின் டோபியாஸ் மேயருடையது. அதற்காக அவருடைய விதவை மனைவிக்கு பிரிட்டிஷ் அரசு 3,000 பவுண்டு பரிசு கொடுத்தது, அதே 1765-இல். அந்த அட்டவணைப்படி கணித்தால் 68 விநாடி அதிகமாக வந்தது. சோழிக் கணக்கு அதைவிட நெருக்கம்.

வாட்ஸ்அப்பில் இதை முன்னோர் பெருமை என்று பரப்பிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கதை இங்கே முடியவில்லை. மிச்சத்தையும் சொல்கிறேன்.

அந்தச் சொற்கள் என்ன? நிலா ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது வேகம், தள்ளிப்போகும்போது மெதுவாக. இந்த வேகச் சுற்று சுமார் இருபத்தேழரை நாள். ஒன்பது சுற்று சேர்ந்தால் ஏறக்குறையச் சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டு மனப்பாடம் செய்துவிட்டால் போதும், மறுபடி மறுபடி அதையே பயன்படுத்தலாம். வெறும் எண்ணை யார் மனப்பாடம் செய்வது? வடமொழி எழுத்து வரிசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எண்களைச் சொல்லாக்கினார்கள். 'ர' என்றால் 2, 'ம' என்றால் 5. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'ராம' என்றால் 52. இப்படி 248 வாக்கியங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் 'வாக்கியம்' இதுதான். எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த 248 நம்முடையது மட்டுமும் இல்லை. பாபிலோனியக் களிமண் பலகைகளில் இதே எண் இருக்கிறது. ஆட்டோ நியூகபவர் என்ற கணித வரலாற்றாசிரியர் 1952-இல் தமிழர் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தத் தொடர்பைக் காட்டினார். இரண்டாயிரம் வருஷமாக நாடு நாடாகக் கைமாறி, பாண்டிச்சேரித் திண்ணையில் சோழியாக உட்கார்ந்திருந்தது. எனக்கு இது தனிப்பெருமையைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

லெ ஜாந்தீக்கு அறுபது வருஷம் கழித்து ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி வந்தார். கோலார் தங்கத்தைப் பற்றி 1802-இல் ஆராய்ந்தாரே, அதே வாரன். சென்னை வானாய்வகத்தையும் சில வருஷம் பொறுப்பில் வைத்திருந்தவர். தென்னிந்தியக் காலக் கணக்கு முறைகளைத் திரட்டி 'கால சங்கலிதா' என்று ஒரு பெரிய புத்தகம் 1825-இல் கொண்டுவந்தார். அவரும் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கண்டுபிடித்தார். அதே சோழி, அதே மனப்பாடம். 1825 மே 31, ஜூன் 1 இரவு வந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்!

அந்தப் பெரியவருடைய நினைவாற்றலை வாரன் புகழ்கிறார். ஆனால் கணக்குக்குப் பின்னால் இருக்கிற தத்துவம் அவருக்குத் தெரியவில்லை என்றும் எழுதுகிறார். 41 விநாடியையும் 52 நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தையதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். மனப்பாடம் தலைமுறை தலைமுறையாக வந்தது, வானத்தை நிமிர்ந்து பார்த்துத் திருத்துகிற வழக்கம் கூடவே வரவில்லை என்பது என் எண்ணம். முப்பது வருஷத்துக்கு மேல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன் நான். ஒப்பிக்கிற பிள்ளைக்கும் புரிந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

பார்த்துத் திருத்தியவர்களும் இருந்தார்கள். ஒடிசாவில் கண்டபாடா என்ற ஊரில் 1835-இல் பிறந்த சந்திரசேகர சாமந்தர். பழைய கணக்குப்படி கோள்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதைக் கவனித்தார். மரத்திலும் மூங்கிலிலும் தானே கருவிகள் செய்துகொண்டு, தொலைநோக்கி இல்லாமலே வருஷக்கணக்கில் அளந்து கணக்கைத் திருத்தினார். ஓலையில் எழுதிய அவருடைய 'சித்தாந்த தர்ப்பணம்' 1899-இல் கல்கத்தாவில் அச்சானது. அப்போதே அவரை டைக்கோ பிராஹேயோடு ஒப்பிட்டு எழுதினார்கள். பூரி ஜகந்நாதர் கோயிலில் சடங்குகளுக்கு நேரம் குறிக்க அவருடைய கணக்கு பயன்பட்டது.

நம் சென்னையிலும் ஒருவர், சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக்காரர்கள் குடும்பம். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். பகலெல்லாம் நல்ல கருவிகளோடு வேலை செய்த அவர் போராடியது எதற்காகத் தெரியுமா? பஞ்சாங்கம் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. 'திருக்கணிதம்' என்கிறோமே, அதில் 'திரு' மரியாதைச் சொல் இல்லை. 'த்ருக்', அதாவது பார்வை. பார்வைக்கு ஒத்த கணிதம். (நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் அந்தப் பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழிலும் கல்வெட்டு உண்டு.)

என் மாணவருடைய மகளுக்கு நான் சொல்ல நினைத்த வேலையும் இதுதான். செலவு கிடையாது. வீட்டில் தினம் கிழிக்கிற நாட்காட்டி இருக்கிறதல்லவா, அதில் அன்றைய நட்சத்திரம் போட்டிருக்கும். ரோகிணி என்று போட்ட அன்று மொட்டைமாடிக்குப் போய் நிலாவைப் பார். பக்கத்தில் சற்றே ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம் தெரிகிறதா? அதுதான் ரோகிணி. மகம், சித்திரை, கேட்டை இந்த மூன்றும் அப்படியே, நிலா போகிற பாதையை ஒட்டியே இருக்கும். கேட்டை செக்கச்செவேல் என்றிருக்கும். சுவாதியையும் திருவோணத்தையும் இப்படித் தேடினால் ஏமாறுவாய், அவை பாதையிலிருந்து ரொம்பத் தள்ளி.

கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. சுண்டுவிரல் 1 பாகை. நிலாவின் அகலம் அரை பாகைதான், சுண்டுவிரலே அதை மறைத்துவிடும், சோதித்துப் பார்க்கலாம். நிலா ஒரு நாளைக்கு 13 பாகை கிழக்கே நகரும், அதாவது ஒரு முட்டியும் கொஞ்சமும். ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம், 27 நாளைக்கு 27. மாதப் பெயர்களும் இதிலிருந்து வந்தவையே. பௌர்ணமி அன்று நிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அதுவே மாதத்தின் பெயர். தைப்பூசம், மாசிமகம், திருக்கார்த்திகை எல்லாம் கோயில் திருவிழா மட்டுமில்லை, வானத்து முகவரியும்கூட. பௌர்ணமி வெளிச்சத்தில் கார்த்திகைக் கூட்டம் மங்கிவிடும். அன்று இடத்தைக் குறித்துக்கொண்டு நாலைந்து நாள் கழித்து, நிலா எழுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சுமார் பதிமூன்றரை பாகை வடக்கே இருக்கிறது. துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட அதே உயரத்தில், ஒரு முட்டியும் இரண்டு விரலும். மாசி மாத முன்னிரவில் தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் வெள்ளையாக எரியும். பாரிஸில் எத்தனை பெரிய தொலைநோக்கி வைத்தாலும் அது தெரியாது, அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

ஆனால் ஒரு வருத்தம். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு இரண்டாயிரம் நட்சத்திரத்துக்கு மேல் தெரிய வேண்டும். எங்கள் மாடியில் ஆலை விளக்கும் நெடுஞ்சாலை விளக்கும் புகையும் சேர்ந்து, நல்ல நாளிலேயே சில டஜன்தான் எண்ண முடிகிறது. வேலை கொடுக்கிற விளக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்பலாமே என்றுதான் தோன்றும். கரண்டும் மிச்சம். பழவேற்காடு ஏரிக்கரைப் பக்கம் போனால் இன்னும் ஓரளவு இருட்டு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜமுக்காளமும் கொசுவத்தியும் மறக்க வேண்டாம்.

இன்னொரு உதவி வேண்டும். பழவேற்காடு, ஆரம்பாக்கம், எளாவூர், பொன்னேரி பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள், குறிப்பாகக் கடலுக்கும் ஏரிக்கும் போகிற குடும்பங்களில். மார்கழி இரவில் மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில் வரிசையாக நிற்குமே, அதற்கு உங்கள் வீட்டில் என்ன பேர்? விடிவெள்ளிக்கு வேறு பேர் உண்டா? ஊர்ப் பேரோடு எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வைத்திருக்கிறேன்.