பீப்பாயும் டிரம்மும்

காயலான் கடையில் பழைய எண்ணெய் டிரம்மைக் கண்டால் எனக்குக் கால் நகராது. போன மாதம் ஒன்று கிடைத்தது. மேல்மூடியில் துருவுக்கு நடுவே ‘பர்மா ஷெல்’ என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. “இந்தப் பீப்பாய் எந்தக் காலத்துதுங்க?” என்றேன். “இது பீப்பாய் இல்ல சார், டிரம்மு” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது சரிதான். பீப்பாய் போர்த்துக்கீசியர் நமக்குத் தந்த சொல். அலமாரி, சாவி, ஜன்னல் வந்த அதே கப்பலில் வந்தது. அவர்கள் மொழியில் ‘பீப்பா’ என்றால் வயிறு பருத்த மரப் பாத்திரம், ஒயின் ஊற்றி வைப்பது. அதற்கும் முன்னால், லத்தீனில் அது நாணற்குழலின் பெயர். நாம் சொல்லும் ‘பைப்’புக்கும் அதுவே வேர்.

1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய் கண்டபோது, அதைப் பிடித்து வைக்கத் தனிக் கலம் இல்லை. விஸ்கி பீப்பாய்களில்தான் நிரப்பினார்கள். ஆளுக்கொரு அளவாக இருந்ததை, 1866இல் பீப்பாய்க்கு 42 கேலன் என்று அங்குள்ள உற்பத்தியாளர்கள் ஒழுங்கு செய்தார்கள். 159 லிட்டர். நாளிதழில் ‘ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய்’ என்று படிக்கிறோமே, அது இந்தக் கணக்கு. (இலங்கைத் தமிழர்கள் மசகு எண்ணெய் என்பார்கள்; கலத்தைப் பரல் என்பார்கள்.) இன்று கச்சா எண்ணெய் குழாயிலும் கப்பலிலும் போகிறது. மரப் பீப்பாய் மறைந்து, அதன் பெயர் மட்டும் அளவாக நிற்கிறது.

மரம் காய்ந்தால் ஒழுகும். 1905 டிசம்பரில் ஹென்றி வேர்ஹான் என்பவர் உலோகப் பீப்பாய்க்குக் காப்புரிமை பெற்றார். அவர் வேலை பார்த்த நியூயார்க் நிறுவனத்தை நடத்தியவர் நெல்லி பிளை. 72 நாளில் உலகைச் சுற்றி வந்த அதே பத்திரிகையாளர். பிறகு வயிறு மறைந்து, உடல் நேராகி, உருட்டுவதற்கு வளையங்களோடு இன்றைய வடிவம் நிலைத்தது. பார்வைக்கு முரசு போல இருந்ததால் ஆங்கிலத்தில் டிரம். குழலின் பெயர் போய் முரசின் பெயர் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். டிரினிடாட்டில் இதே டிரம்மின் அடித்தகட்டைத் தட்டிக் குழித்து உண்மையாகவே வாத்தியமாக்கிவிட்டார்கள்.

அமெரிக்கருக்கு அது 55 கேலன், பிரிட்டிஷ் கணக்கில் 44, நமக்கு 200 லிட்டர் டிரம். இதுவே வயதுக்கு ஒரு தடயம்: இந்தியாவில் 1956 எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகுதான் கேலன் படிப்படியாக விலகி லிட்டர் வந்தது. கம்பெனிப் பெயர் இன்னும் உதவும். பர்மா ஷெல் இங்கே 1928இல் தொடங்கி, 1976இல் அரசுடைமையாகி, பாரத் பெட்ரோலியம் ஆனது. இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் என்றிருந்தால் 1964க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. ஆனால் பெயிண்டை மட்டும் நம்பக் கூடாது. காலி டிரம் கை மாறும், புதுப் பூச்சு ஏறும். தகட்டில் அச்சாகப் புடைத்திருப்பதைத்தான் தேட வேண்டும். அண்மைக்கால டிரம்களில் வட்டத்துக்குள் ஐ.நா. குறியும் பக்கத்தில் ‘1ஏ1’ போன்ற எழுத்தும் இருக்கும்: 1 என்றால் டிரம், ஏ என்றால் உருக்கு, கடைசி 1 என்றால் மூடி கழலாதது. அந்த வரிசையிலேயே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் வரும். பழையவற்றில் அடித்தகட்டில் தகட்டின் கனம், கொள்ளளவு, ஆண்டு என்று சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள்.

கடைக்காரரும் நானுமாக டிரம்மைக் கவிழ்த்தோம். கம்பிப் பிரஷ் எடுத்தவரைத் தடுத்து, தேங்காய் நாரால் மெல்லத் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கு மேடு தட்டியது. பையிலிருந்த தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். முதலில் ஒரு 5 ஏறி வந்தது, அப்புறம் 8.