வடசென்னையில் விளையாட்டுக் காயமும் நோயாளியின் சொல்லும்

வடசென்னையின் வியாசர்பாடியில் கை கால் முறிவும் மூட்டுப் பிசகும் வேலையிலும் நேர்ந்தன, விளையாட்டிலும் நேர்ந்தன. பக்கத்துப் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் 1996 வரை ஓடின. ரயில்வே பணிமனைகளோடு 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் சேர்ந்தது. அந்தத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் கால்பந்து ஆடினர்; வியாசர்பாடிக்குக் ‘குட்டி பிரேசில்’ என்ற பட்டப்பெயர் வந்தது. வடசென்னை முழுவதும் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் முதலிய ‘பரம்பரை’ எனப்படும் குழுக்களின் குத்துச்சண்டையும் வேரூன்றியிருந்தது.

அடிபட்டவர்களில் பலர் முதலில் போனது கட்டு போடுபவரிடம். ஆந்திர எல்லையிலுள்ள புத்தூரின் பெயரால் வழங்கும் ‘புத்தூர் கட்டு’ சென்னை முழுவதும் பரவியது. மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் துணியும் அதன் பொருட்கள். இந்த வைத்தியத்துக்குப் பதிவேடு கிடையாது. குணமானவர் சொன்ன சொல்லே அதன் நற்சான்று. சிகிச்சையின் மதிப்பை நோயாளியே சொல்லும் வழக்கம் இங்கே இவ்வாறு இருந்தது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குணமானவர் அடுத்தவரை அழைத்து வந்தார். மூட்டு மடங்காமல் போனவர் திரும்பி வராததால் அவர் கதை கணக்கில் சேரவில்லை.

ஆஸ்பத்திரியிலும் சட்டத்திலும் நிலைமை நேர்மாறு. பழைய வண்ணாரப்பேட்டையில் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைத்த மருத்துவமனை, 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு புதிய நிலை பெற்றது. அதன் கை அறுவைப் பிரிவு, இயந்திரத்தில் சிக்கிய விரல்களைச் சீரமைப்பதில் நாடறிந்த பெயர் எடுத்தது. இங்கே பதிவேடு இருந்தது, எக்ஸ்ரே இருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இழந்த உறுப்புக்குச் சதவீதம் வகுத்தது: இன்ன உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் இத்தனை பங்கு போயிற்று என்பது அதன் கணக்கு. உறுப்பு இருந்தும் பழையபடி ஓடவோ திரும்பவோ முடியாத ஆட்டக்காரருக்கு அந்தப் பட்டியலில் இடமிருக்கவில்லை. அவர் என்ன உணர்கிறார் என்று கேட்கும் கட்டமும் அதில் இருக்கவில்லை.

பதிவேடு, நோயாளியின் சொல் என்ற இந்த இரண்டு போக்கையும் இணைக்கும் முயற்சி மேலைநாட்டில் தொடங்கியது. பாஸ்டனின் தோள்பட்டை அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின்னும் தொடர்ந்து விசாரித்து முடிவை அட்டையில் எழுத வேண்டும் என்று 1910-களில் வாதிட்டார். சக மருத்துவர்களின் எதிர்ப்பே மிஞ்சியது. 1966-இல் மருத்துவத் தர ஆய்வாளர் அவேடிஸ் டோனபீடியன் மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்தார். 1998-இல் ஸ்வீடனின் ஆய்வாளர் ஈவா ரூஸும் அவர் குழுவினரும் முழங்கால் நோயாளிகளுக்காக ‘கூஸ்’ வினாத்தாளை வெளியிட்டனர். அதன் 42 கேள்விகள் வலி, பிற அறிகுறிகள், அன்றாட வேலை, விளையாட்டு, வாழ்க்கைத் தரம் என ஐந்து பகுதிகளாக அமைந்தவை. குந்துவது, ஓடுவது, குதிப்பது, காலை ஊன்றித் திரும்புவது எவ்வளவு கடினம், முழங்காலை நம்ப முடிகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். 100 என்றால் தொல்லை ஏதுமில்லை.

விளைவு வேறு, அனுபவம் வேறு. கால் குணமாயிற்றா என்பது விளைவு. சொன்னதைக் காதில் வாங்கினார்களா, அடுத்து என்ன செய்வார்கள் என்று விளக்கினார்களா, மைதானத்துக்குத் திரும்பும் நாளைத் தீர்மானிப்பதில் ஆட்டக்காரருக்கும் பங்கு இருந்ததா என்பவை அனுபவம். இந்த இரண்டிலும் பங்குள்ள விளையாட்டு வீரர் பராமரிப்பாளர்கள் அமெரிக்காவில் 1950-இல் சங்கம் அமைத்தனர். 1990-இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம் அவர்களது பணியை மருத்துவம் சார்ந்த தொழிலாக அங்கீகரித்தது. ஆறுதல், பயிற்சி, மறுகாயத் தடுப்பு ஆகிய அவர்களுடைய வேலை எக்ஸ்ரேயில் தெரியாது. அதன் பயனைப் பள்ளிக்கும் அணிக்கும் காட்ட நோயாளியின் விடைகளே முக்கியச் சான்று. வடசென்னையில் அந்த வேலையைப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், மசாஜ் செய்பவர் எனப் பலர் பகிர்ந்துகொள்வதால், யார் செய்ததால் என்ன பயன் என்று பிரித்தறிவது கடினம்.

இந்திய அரசு 2016-இல் ‘மேரா அஸ்பதால்’ திட்டத்தைத் தொடங்கி, குறுஞ்செய்தி, தொலைபேசி, செயலி, இணையதளம் வழியாக நோயாளிகளின் கருத்தைச் சேகரித்தது. இத்தகைய அளவீட்டின் எல்லையை வியாசர்பாடியே கண்டது. 2022 நவம்பரில் இவ்வூரின் இளம் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் காலை இழந்து, உயிரையும் இழந்தார். இறுக்கமான கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டதே காரணம் என்று மாநில அரசு தெரிவித்தது. வீடு திரும்பியவரிடம் கேட்கும் வினாத்தாள் இத்தகைய ஆபத்தைத் தடுக்காது. கட்டுக்குள் வலி கூடுகிறது, கால் மரத்துப்போகிறது என்று நோயாளி சொல்லும் வேளையிலேயே அது மருத்துவக் குறிப்பாகப் பதிவாகி, கவனிக்கப்பட வேண்டும்.

ஆகவே அளவீடு இரண்டு கட்டங்களில் தேவைப்படுகிறது. படுக்கையருகே நோயாளி சொல்வது உடனடி எச்சரிக்கை. பின்னர் கேட்டறிவது சேவையின் மதிப்பு. பின்னதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கேள்விகள் வடசென்னை மக்களுக்குப் புரியும் பேச்சுத் தமிழில் அமைந்து, சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். சிகிச்சை அளித்தவரே எதிரில் நின்று கேட்கக் கூடாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்விகளைக் கேட்டால்தான் மாற்றம் தெரியும். பாதியில் நின்றவர்களையும் தேடிக் கேட்க வேண்டும். இல்லையேல் திரும்பி வராதவரைக் கணக்கில் கொள்ளாத பழைய பிழையே புதிய வினாத்தாளிலும் தொடரும்.