பாட்டி சொன்னதும் ஆராய்ச்சியே



பெடாஸ் வட்டாரத் தோட்டமொன்றில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: “வாத்தியாரே, யூனிவர்சிட்டியில் படிக்கும் என் மகள் பாட்டியிடம் பிரட்டு, பால்வெட்டு, மங்கு என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். ஆய்வரங்கில் படிக்கப் போகிறாளாம். இதுவும் ஒரு படிப்பா?”

படிப்புதான். அதற்கொரு வரலாறும் உண்டு.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956-இல் சிங்கப்பூரில் தோன்றி, பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. அதன் தலைவராயிருந்த தனிநாயக அடிகளாரின் முயற்சியால், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் கட்டுரை படித்தார்கள்.

பின்னாளில் இளங்கலை மாணவர்களும் அவ்வழி நடந்தனர். தோட்ட மக்களின் வாழ்வை ஆராய்ந்து ஆய்வேடு எழுதினர். அப்பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களில் தொடங்கிய சிறுகதைப் போட்டி, மாணவர் கதைகளையும் ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாக்கியது.

ஆராய்ச்சிக்குச் சான்று வேண்டும். நம் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்து வாழ்வுக்குப் பாட்டியின் நினைவே சான்று. அவர் மறைந்தால் அதுவும் மறையும்.

ஆகவே, பேத்தி கேட்டால், “அதெல்லாம் எதற்கு?” என்று தட்டிக் கழிக்காதீர்கள். ஊர், ஆண்டு, பெயர் எல்லாம் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அவள் மேடையேறும் நாளில் பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள்.