அப்கிரேடு போட்டதும் திரை ஏன் கறுக்குது? - ஒரு பழைய கதை

"புதுப் பதிப்புக்கு மாறினேன், திரை கறுப்பாயிடுச்சு, என்ன பண்றது?" லினக்ஸ் பக்கம் ஒதுங்கின யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமலோ, கேட்ட ஒருத்தருக்குப் பதில் சொல்லாமலோ இருந்திருக்க முடியாது. கறுப்பு ஒரு வகை, அவ்வளவுதான். கோடு கோடா வர்றது, மவுஸ் போன இடமெல்லாம் தடம் விட்டுட்டுப் போறது, 1280-க்கு 1024 காட்டிக்கிட்டிருந்த மானிட்டர் திடீர்னு 800-க்கு 600-ஆகச் சுருங்கி உட்கார்ந்துக்கிறதுன்னு இன்னும் பல வகை உண்டு. நாமும் வழக்கமா ஒரு கைமருந்து கொடுப்போம். இந்தக் கோப்பை அழி, அந்தக் கட்டளையைத் தட்டு, மறுபடி ஏத்து. சில சமயம் கேட்கும். ஏன் கேட்டதுன்னு யாரும் விசாரிக்கிறதில்லை.

எனக்கு அந்த 'ஏன்'-தான் பிடிக்கும். பழைய கதையைக் கொஞ்சம் தோண்டினால், ஒவ்வொரு காலத்திலும் திரை வேற வேற காரணத்துக்காகக் கறுத்திருக்கிறது. அதனால்தான் 2004-ல் எழுதின வைத்தியம் 2010-ல் பலிக்கவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்துடுங்க :-)

லினக்ஸில் நாம் பார்த்த சன்னல்கள், பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ரொம்ப காலம் இருந்தது எக்ஸ் என்கிற மென்பொருள். 1984-ல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் ஆரம்பித்தது. 1987 செப்டம்பரில் அதன் 11-ஆம் பதிப்பு வந்தது. எக்ஸ்11 என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அது பெரிய பெரிய யூனிக்ஸ் இயந்திரங்களுக்கானது. நம்ம வீட்டுப் பொட்டிகளுக்கு ஏற்ற மாதிரி அதைக் கொண்டுவந்தது 1992-ல் தொடங்கின எக்ஸ்ஃப்ரீ86 குழு.

இங்கேதான் முக்கியமான சங்கதி. கணினியில் இருக்கிற எல்லா வன்பொருளையும் கட்டி மேய்க்க வேண்டியது கர்னலோட வேலை. ஆனா கிராபிக்ஸ் கார்டை மட்டும் எக்ஸ் தானே நேரடியாகக் கையில் எடுத்துக்கொண்டது. நிர்வாகி அதிகாரத்தோட ஓடி, கார்டோட நினைவகத்தையும் பதிவகங்களையும் தானே தொட்டு எழுதியது. எழுத்து மட்டும் தெரிகிற கன்சோலோட கர்னல் ஒதுங்கிக்கொண்டது. ஒரே வீட்டுக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆள் கையில். கன்சோலுக்கும் சன்னலுக்கும் மாறும்போது திரை ஒரு நொடி பளிச்சென்று அணைந்து எரியுமே, நினைவிருக்கா? சாவி கைமாறுகிற சத்தம் அது.

அந்தக் காலத்தில் திரை கறுத்தால் பெரும்பாலும் அமைப்புக் கோப்பில்தான் கோளாறு. மானிட்டரோட கிடைமட்ட அதிர்வெண் இத்தனை கிலோஹெர்ட்ஸ், செங்குத்து அதிர்வெண் இத்தனை ஹெர்ட்ஸ் என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். தப்பான எண்ணைப் போட்டால் குழாய் மானிட்டரே பழுதாகலாம் என்று ஆவணங்களிலேயே எச்சரிக்கை இருந்தது. மானிட்டரோட வந்த கையேட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர் பாடு திண்டாட்டம்தான். மூன்று பட்டன் மவுஸா, ரெண்டு பட்டன் மவுஸா என்றுகூட அதில் எழுத வேண்டும், அதை விடுங்க.

அப்புறம் வீட்டுக்குள்ளேயே சண்டை. 2003 மார்ச்சில் எக்ஸ்ஃப்ரீ86-ன் மையக் குழுவிலிருந்து கீத் பேக்கர்ட் வெளியேற்றப்பட்டார். 2004 பிப்ரவரியில் 4.4 பதிப்பு வந்தபோது உரிமத்தில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது. 'எங்கள் பங்கை ஆவணத்தில் குறிப்பிட வேண்டும்' என்கிற ரீதியில். கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா ஜி.பி.எல். உரிமத்தோடு அது ஒத்துப்போகாது என்பதால் பெரிய விநியோகங்கள் அந்தப் பதிப்பைத் தொட மறுத்துவிட்டன. அதே ஆண்டு தொடங்கின எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை, உரிமம் மாறுவதற்கு முந்தைய நிரலை எடுத்து ஏப்ரலில் தன் பதிப்பை வெளியிட்டது. ஃபெடோரா கோர் 2 (மே 2004) உடனே மாறியது. உபுண்டு 5.04 (ஏப்ரல் 2005) அடுத்து மாறியது. அமைப்புக் கோப்பின் பேரும் இதில் எக்ஸ்எஃப்86கான்ஃபிக் என்பதிலிருந்து எக்ஸ்ஆர்க்.கான்ஃப் ஆயிடுச்சு. மத்தபடி உள்ளே அதே சரக்கு.

இந்த மாற்றத்தை நான் பெரிய நல்ல காரியம் என்றே சொல்வேன். பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த சன்னலைத் திறந்த மாதிரி வேலை வேகம் பிடித்தது. 2005 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில், ஒரே மலையாக இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். சர்வர் தனி, ஒவ்வொரு கார்டின் டிரைவரும் தனிப் பொட்டலம். சௌகரியம்தான். ஆனா துண்டாகப் பிரித்தால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தணுமே? சர்வர் புதுசாகி டிரைவர் பழசாகவே நின்றுவிட்டால், ரெண்டின் இடைமுக எண்ணும் ஒத்துப்போகாது. சர்வர் அந்த டிரைவரை ஏற்ற மறுத்துவிடும். கடைசியில் 'திரை எதுவும் கிடைக்கவில்லை' என்று சொல்லிவிட்டு எக்ஸ் படுத்துவிடும். கண்ணெதிரே மானிட்டர் இருக்கும்போது இப்படிச் சொன்னால் எரிச்சல் வராதா?

இதைக் கண்டுபிடிக்க எக்ஸ் ஒரு குறிப்பேடு எழுதி வைக்கும். அதில் பிழை வரிகள் எல்லாம் ஆங்கில ஈ எழுத்து இரண்டோடு ஆரம்பிக்கும். ஈ மொய்க்கிற இடத்தைப் பாரு, அங்கேதான் அழுகல் இருக்கும் என்று நண்பர்களுக்குச் சொல்லுவேன். மொத்தக் குறிப்பேட்டையும் படிக்க வேண்டாம், ஈ-யைத் தேடினால் போதும்.

2006 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஜூனில்தான் உபுண்டு 6.06 வந்திருந்தது. நீண்டகால ஆதரவு என்று பேர் போட்டு வந்த முதல் உபுண்டு. 'நம்பி வைக்கலாம், ஆட்டம் காணாது' என்று நாமெல்லாம் அக்கம்பக்கத்துக்குச் சொல்லி நிறுவிக் கொடுத்த பதிப்பு. ஆகஸ்டில் எக்ஸ் சர்வருக்கு ஒரு சாதாரணத் திருத்தம் தானாக வந்து இறங்கியது. இறக்கிக்கொண்ட பலருக்கு எக்ஸ் கிளம்பவே இல்லை. பதிப்பு மாற்றம் இல்லை, ஒண்ணும் இல்லை, வழக்கமான புதுப்பிப்பு. திருத்தத்துக்குத் திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது. எழுத்துக் கன்சோலில் நுழைந்து ரெண்டு கட்டளை தட்டினால் சரியாகிவிடும்.

ஆனா அந்த ரெண்டு கட்டளை என்னன்னு எங்கே போய்ப் படிக்கிறது? வீட்டில் இருக்கிறதே ஒரு பொட்டி. அதுதான் கறுத்துக் கிடக்கிறதே! கன்சோல் தெரிந்தவருக்கு அஞ்சு நிமிஷ வேலை. விண்டோஸிலிருந்து முந்தாநாள் வந்தவருக்கு, மின்னுகிற ஒரு வெள்ளைக் கோடும் 'லாகின்' என்கிற ஒரு சொல்லும்தான் மிச்சம். இந்த மாதிரி ஒரு காலைப்பொழுதில் லினக்ஸை விட்டுப் போனவர்களை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது. 2007 அக்டோபரில் வந்த 7.10-ல், எக்ஸ் விழுந்தால் குறைந்தபட்ச வரைகலையிலாவது ஒரு திரையைக் காட்டி 'என்ன செய்யலாம்' என்று கேட்கிற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், அதே பதிப்பில் சேர்ந்த ஆடுகிற சன்னல், கரைகிற சன்னல் வித்தைகளைவிட இதுதான் பெரிய சாதனை.

இனி 2009. ரெண்டு சாவிப் பிரச்சனையைத் தீர்க்க, திரையின் அளவையும் முறையையும் அமைக்கிற வேலையைக் கர்னலுக்கே கொடுத்தார்கள். இன்டெலுக்கு 2.6.29 கர்னலில் (மார்ச் 2009), ரேடியானுக்கு 2.6.31-ல் (செப்டம்பர் 2009). என்விடியா கார்டுகளுக்காக வெளியார் அலசி ஆராய்ந்து எழுதின நூவோ டிரைவர் 2.6.33-ல் (பிப்ரவரி 2010) கர்னலுக்குள் நுழைந்தது. சரியான முடிவு. ஆனா நடு வழியில் மாட்டிக்கொண்டது உபுண்டு 9.04 (ஏப்ரல் 2009). இன்டெல் டிரைவர் அப்போது பாதி பிரித்துப் போட்ட வீடு. நினைவகத்தைக் கையாளும் முறை மாறிக்கொண்டிருந்தது, வரைவதை வேகப்படுத்தும் முறையும் மாறிக்கொண்டிருந்தது. முந்தின பதிப்பில் ஜம்மென்று ஓடின மடிக்கணினிகள் இதில் நத்தையாக நகர்ந்தன. புது முறையைக் கையால் எழுதி இயக்கிப் பார்த்தார்கள், சிலருக்கு வேகம் வந்தது, சிலருக்கு மொத்தமாக உறைந்தது. டிரைவரை மட்டும் பழைய 2.4-க்கு இறக்கி ஓட்டினவர்களும் உண்டு. உறைந்தால் எக்ஸைக் கொல்ல நாம் அமுக்குகிற கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் அதே பதிப்பில் அணைத்து வைத்தார்கள். நேரம் பார்த்தாங்க பாருங்க!

இதற்கப்புறம் நோயின் இடமே மாறியது. முன்பு பொட்டி முழுசாக எழுந்தபிறகு எக்ஸ் விழும். கன்சோலாவது கிடைக்கும். இப்போது கர்னலே திரையைத் தொடுவதால், தொடக்கத்திலேயே கறுத்துவிடும், கன்சோலும் தெரியாது. அதனால்தான் தொடக்கப் பட்டியலில் கர்னல் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்க்கச் சொல்கிறோம். 'நீ திரை முறையை மாத்தாதே, பயாஸ் கொடுத்ததை வச்சு ஓட்டு' என்று கர்னலிடம் சொல்வது அது. உள்ளே நுழைய வழி கிடைக்கும், அவ்வளவுதான். அதை மருந்தாக நினைத்து நிரந்தரமாக வைத்துக்கொண்டால், வேகப்படுத்தல் எல்லாம் போய் வீடியோ பார்த்தால் மூச்சு வாங்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் மாறாமல் இருந்த ஒரு காரணம் உண்டு. லினக்ஸ் கர்னல் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுப்பதில்லை. ஏன் கொடுக்க மாட்டோம் என்று கிரெக் க்ரோ-ஹார்ட்மன் எழுதின ஆவணம் கர்னல் நிரலோடேயே வருகிறது. அவர் வாதம் எளிது. டிரைவரை எங்களோட மரத்துக்குள் கொண்டுவா, இடைமுகத்தை மாற்றுகிறவரே உன் டிரைவரையும் மாற்றிக் கொடுப்பார். வெளியே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நீயே ஓடிவரணும். ஒவ்வொரு கர்னலுக்கும் தொகுதியைத் தானாக மறுபடி கட்டித் தர டெல் நிறுவனத்தார் டி.கே.எம்.எஸ். என்று ஒன்றைச் செய்தார்கள். உபயோகமான கருவி. ஆனா கட்டுவதற்கு நிரல் ஒத்துப்போனால்தானே?

ஓடிவர மனசில்லாவிட்டால் என்ன ஆகும்? 2008-ல் வந்த ரேடியான் ஹெச்டி 4000 வரிசையை 2012-ல் ஏ.எம்.டி. பழசு என்று ஓரம் கட்டியது. நாலே வருஷம்! அந்த மூடிய டிரைவர் எக்ஸ் சர்வர் 1.12-ஓடு நின்றுவிட்டது. 2012 அக்டோபரில் உபுண்டு 12.10 வந்தது 1.13-ஓடு. அதற்கு மாறினவருக்கு மூடிய டிரைவர் கிடையாது. 2016-ல் உபுண்டு 16.04 அந்த மூடிய டிரைவரையே மொத்தமாகக் கைவிட்டது. என்விடியாவிலும் இதே கதைதான். 390 வரிசை டிரைவரின் ஆதரவு 2022-ஓடு முடிந்தது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசிறி சுத்துகிறது, சில்லு வேலை செய்கிறது, அதனோடு பேசத் தெரிந்தவர் மட்டும் இல்லை.

அந்த ஹெச்டி 4000 கார்டுகள் செத்துப் போகவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. கர்னலுக்குள்ளும் மேசாவிலும் இருக்கிற திறந்த டிரைவர் அவற்றைத் தொடர்ந்து ஓட்டியது. 2007 செப்டம்பரில் ஏ.எம்.டி. திறந்த டிரைவருக்கு ஆதரவாக இறங்கி, கார்டுகளின் விவரக்குறிப்புகளை வெளியிட முன்வந்ததன் பலன் அது. கையில் காகிதம் இருந்ததால் அடுத்தவர் வந்து தொடர முடிந்தது. அதற்காக உள்ளே இருந்தால் சாகாவரம் என்றும் இல்லை. 2022-ல் மேசா 22.0, முதல் ரேடியான்களுக்கான ரொம்பப் பழைய டிரைவர்களைப் பிரதான நிரலிலிருந்து எடுத்துத் தனிக் கிளையில் வைத்துவிட்டது. இருபது வருஷம் உழைத்த கார்டுகள். நாலு வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க.

அதே 2022 மே மாதம் என்விடியாவும் தன் கர்னல் தொகுதிகளைத் திறந்த மூலமாக வெளியிட்டது, புது தலைமுறைக் கார்டுகளுக்கு மட்டும். எக்ஸுக்குப் பதிலாக 2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கின வேலாண்டும் மெல்ல இடம் பிடித்தது. உபுண்டு 17.10-ல் (2017) அதைப் போட்டார்கள், 18.04-ல் எக்ஸுக்கே திரும்பினார்கள், 21.04-ல் மறுபடி போட்டார்கள். 2025 அக்டோபரில் வந்த 25.10-ல் க்னோம் மேசைக்கு எக்ஸ் அமர்வே கிடையாது. அதனால் ஈ தேடுகிற வித்தை இனி எல்லா இடத்திலும் செல்லாது, கர்னலோட குறிப்பேட்டைத்தான் புரட்டணும்.

உங்க பொட்டியில் என்ன கார்டு, எத்தனை வருஷப் பழசு, எந்த டிரைவரில் ஓடுதுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. அப்கிரேடு போடுவதற்கு முன்னாடி சொன்னா இன்னும் நல்லது :-)