கமால்தோலி வனம்

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், அரெஸ்ஸோவுக்கு வடக்கே காசென்தீனோ மலைகளில் உள்ள பழைய மடாலயக் காடு. ரவென்னாவைச் சேர்ந்த புனித ரொமுவால்தோ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தவக்குடில்கள் அமைத்தார். அவர் வழிவந்த கமால்தோலித் துறவிகள் பல நூற்றாண்டுகள் இக்காட்டைப் பேணினர்.

இன்று காணும் இருண்ட ஃபிர் தோப்புகள் பெரும்பாலும் தாமாக வளர்ந்தவை அல்ல. பீச்சும் ஃபிரும் கலந்து வளரும் மலையில் துறவிகள் வெள்ளி ஃபிரையே விரும்பி நட்டார்கள்; வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டார்கள். 1520இல் அச்சேறிய அவர்களது விதிநூல், ஜெபத்தையும் நோன்பையும் போலவே மரங்களைக் காப்பதையும் துறவியின் கடமையாக்கியது. காட்டை வழிபாட்டோடு சேர்த்துக் காத்த இந்த ஏற்பாடே கமால்தோலியின் பெரிய சாதனை. 1866இல் மடாலயச் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. 1993 முதல் இக்காடு தேசியப் பூங்காவின் பகுதி.

ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் மடாலயமும், 1,100 மீட்டரில் தவக்குடில்களும் உள்ளன. இரண்டுக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர் ஏற்றம். நடந்து போவதற்கேற்ற வழி இது. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தென்று கிடப்பதால் காலடி ஓசை எழாது. ஓர் இலையைத் திருப்பினால் அடியில் இரண்டு வெண்கோடுகள் தெரியும். வெள்ளி ஃபிருக்கு அதுவே அடையாளம். செப்டம்பர், அக்டோபரில் செம்மான் கலைகளின் முழக்கம் பள்ளத்தாக்கெங்கும் கேட்கும். மேலே, கல்லால் கட்டிய குடில் ஒவ்வொன்றுக்கும் மதில் சூழ்ந்த சிறு தோட்டம் உண்டு. ரொமுவால்தோவுடையது எனப்படும் குடிலைப் பார்வையாளர்கள் காணலாம்.

இப்பகுதிச் சமையல், மலைக் குடியானவர்களின் சமையல். செஸ்ட்நட் மாவில் கிண்டும் பொலெந்தா, போர்சினிக் காளான், காசென்தீனோ புரொஷூட்டோ எல்லாம் உண்டு. ஆனாலும் முதலில் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியது தொர்தெல்லோ அல்லா லாஸ்த்ரா. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் பூண்டும் தாளிப்பும் சேர்த்து, மெல்லிய மாவுத் தகட்டுக்குள் பொதிந்து, காய்ந்த மணற்கல் பலகையில் எண்ணெயில்லாமல் சுடுகிறார்கள். அடியில் கருகல் புள்ளிகள் விழுந்ததும் திருப்புவார்கள். ஆறினால் ருசி போய்விடும்; கல்லருகே நின்று கைசுடச் சாப்பிடுவதே சரி. லா வெர்னா மடத்துக்குப் பக்கத்திலுள்ள கொரேட்ஸோ என்னும் சிற்றூரில் கோடையில் இந்தப் பண்டத்துக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள்.