பிரின்ஸ்டன் நகரின் இரு பள்ளிகள்

நம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி எழும்போது, கட்டடத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் ஆசிரியர் தொகையையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்கின்றோம். இவற்றை எண்ணுமுன்பே பிள்ளையின் நிறம் பள்ளியைத் தீர்மானித்துவிட்ட ஊர்கள் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் பல இருந்தன.

அவற்றுள் ஒன்று, புகழ்மிக்க பல்கலைக்கழகம் அமைந்த பிரின்ஸ்டன். அங்கே எட்டாம் வகுப்பு வரை வெள்ளையர் பிள்ளைகள் நாசோ தெருப் பள்ளியிலும், கறுப்பினப் பிள்ளைகள் விதர்ஸ்பூன் பள்ளியிலும் பயின்றனர். 1898-இல் இந்நகரில் பிறந்து பின்னாளில் உலகறிந்த பாடகராக விளங்கிய பால் ரோப்சனின் தமையனார், உயர்நிலைக் கல்விக்காக டிரென்டன் நகருக்குச் சென்றுவர வேண்டியதாயிற்று. இத்தனைக்கும், நிறத்தைக் காரணங்காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளியினின்று விலக்கலாகாது என்று 1881-இலேயே அம்மாநிலம் சட்டம் இயற்றியிருந்தது! சட்டம் ஏட்டில் உறங்கிற்று.

அவ்வேட்டைத் தூசி தட்டி எடுத்தோர் இரண்டு தாய்மார்கள். டிரென்டனில் வீட்டருகே இருந்த நடுநிலைப் பள்ளியில் தம் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்பட்டு, தொலைவிலிருந்த கறுப்பினப் பள்ளிக்குப் போகுமாறு பணிக்கப்பட்டதை எதிர்த்து, கிளாடிஸ் ஹெட்ஜ்பெத், பெர்லீன் வில்லியம்ஸ் ஆகிய இருவரும் வழக்காடினர். 1944-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1947-இன் புதிய அரசியல் சாசனமோ, பள்ளிகளில் இனப் பிரிவினையை வெளிப்படையாகவே தடை செய்தது.

இனி பிரின்ஸ்டன் என் செய்யும்? வாழும் பகுதியைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்தால், கறுப்பினத்தார் ஒரே பகுதியில் செறிந்து வாழ்ந்தமையால், பழைய நிலையே வேறு பெயரில் நீடித்திருக்கும். ஆகவே 1948-இல் அந்நகரம் வகுப்பைக் கொண்டு பிரித்தது. ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் நாசோ தெருவில். ஆறு முதல் எட்டு வரை எல்லாப் பிள்ளைகளும் விதர்ஸ்பூனில். எவ்வளவு எளிய கணக்கு! இருவர் பிள்ளைகளுக்கும் நடுநிலைப் பள்ளி ஒன்றே என்றான பின், எது மேல், எது கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லாது போயிற்று.

ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இதனினும் பெரிதாகத் தோன்றுவது மற்றொன்று. கறுப்பினப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த ஹோவர்ட் வாக்ஸ்வுட் அவர்களே, ஒன்றுபட்ட பள்ளிக்கும் தலைமை ஏற்றார். நேற்றுவரை தம் பிள்ளைகளை அப்பள்ளியின் பக்கம் அனுப்பாத குடும்பங்கள் அவரிடமே அவர்களை ஒப்படைத்தன. 1954-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினையைச் செல்லாதென அறிவித்த பின்னர், தென் மாநிலங்களில் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பிள்ளைகளை ஏற்றவர்கள் ஆசிரியரை ஏற்கவில்லை.

'பிரின்ஸ்டன் திட்டம்' எனப் பெயர்பெற்ற இம்முறையை, நியூயார்க்கின் புறநகரான கிரீன்பர்க் 1951-இல் மேற்கொண்டது. 1964-இல் நியூயார்க் மாநகரிலேயே சில பள்ளிகளை இவ்வாறு இணைக்க முனைந்தபோதோ, வெள்ளையினப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வந்து எதிர்த்தனர். பிள்ளைகள் பேருந்தேறித் தொலைவு செல்ல நேரும் என்பது அவர்கள் கூறிய காரணம். அது ஒன்றே காரணம் என்று நாம் கொள்வதற்கில்லை.

குவாரி தெருவிலுள்ள பழைய விதர்ஸ்பூன் பள்ளிக் கட்டடம் பின்னர் அடுக்கு வீடுகளாக மாற்றப்பட்டது. அதற்கு வாக்ஸ்வுட் அவர்களின் பெயரையே இட்டிருக்கின்றனர்.